நட்ட மரம் யாருடையது?



சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு வருகிற சாலையோரத்தில் ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. அதன் பெயர் இங்கே தேவையில்லை. இன்று அந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. அந்தத் தோட்டம் கைமாறிய சமயத்தில் நாங்கள் லயத்துப் பிள்ளைகள். ஆயாக் கொட்டகையைத் தாண்டிப் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்த வயது. ஒருநாள் மாலை, கிராணியார் கையில் ஒரு தாளோடு வீடு வீடாக வந்தார். ஒரு மூதாட்டி அவரை நிறுத்தி, லயத்துக்குப் பின்னால் நின்ற தென்னை மரத்தைக் காட்டினார்.

“கிராணி ஐயா, இந்தத் தென்னம்பிள்ளைய நட்டது நான். தண்ணி ஊத்தி வளத்தது என் மவ. வீட்டக் காலி பண்ணச் சொல்றீங்க, சரி. மரத்த என்ன செய்யட்டும்?”

கிராணியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “பாட்டி, மண்ணு தோட்டத்தோடது. மண்ணு யாருதோ, மரமும் அவங்களுதுதான். நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க.”

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்த மாதம் அவருடைய வீடும் காலியாக வேண்டியதுதான்.

அந்தப் பாட்டி படித்தவரல்லர். ஆனால் அவர் கேட்ட கேள்வி உலகத்துப் பேரறிஞர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதாடிவரும் கேள்வி என்பது பின்னாளில் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அரசியல் தத்துவம் என்றால் பல்கலைக்கழகத்தில் கண்ணாடி போட்டவர்கள் பேசும் சங்கதி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மண் யாருடையது, உழைப்பின் பலன் யாருக்கு, கட்டளையிடும் உரிமை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்பதுதான் அரசியல் தத்துவம். பெரட்டுக் களத்தில் நின்ற ஒவ்வொருவர் மனத்திலும் ஒருநாளாவது எழுந்திருக்கக்கூடிய கேள்விகள் இவை.

முதலில், பாட்டியின் பக்கம் பேசிய அறிஞரைப் பார்ப்போம். அவர் இங்கிலாந்து நாட்டு ஜான் லாக். பிறந்தது 1632, மறைந்தது 1704. ஆட்சியைப் பற்றி அவர் எழுதிய இரு ஆய்வுரைகள் 1689-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தன. அதில் சொத்துரிமையைப் பற்றி அவர் சொல்லும் வழி மிக எளிமையானது. கடவுள் பூமியை எல்லாருக்கும் பொதுவாகத்தான் கொடுத்தார். அப்படியானால் ‘இது என்னுடையது’ என்று ஒருவன் எப்படிச் சொல்லலாம்? அவனவன் உடம்பு அவனவனுக்குச் சொந்தம். உடம்பு சொந்தமென்றால் அது செய்யும் உழைப்பும் சொந்தம். பொதுவாகக் கிடந்த ஒன்றில் தன் உழைப்பைக் கலந்துவிட்டால், கலந்த பொருளும் அவனுக்குச் சொந்தமாகிவிடுகிறது. காட்டில் உதிர்ந்து கிடக்கும் கொட்டையைப் பொறுக்கியவனுக்கே அந்தக் கொட்டை. நிலத்தைத் திருத்திப் பயிரிட்டவனுக்கே அந்த நிலம். ஆனால் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. மற்றவர்களுக்கும் போதிய அளவு, நல்லதாகவே, மிச்சமிருக்க வேண்டும். எடுத்தது அழுகி வீணாகக் கூடாது.

நம் பாட்டி இதைக் கேட்டிருந்தால், “இதத்தானே சாமி நானும் சொன்னேன்” என்றிருப்பார்.

ஆனால் பொறுங்கள். லாக் அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார். தன் குதிரை மேய்ந்த புல்லும், தன் வேலையாள் வெட்டியெடுத்த புல்தரையும் தன்னுடையவையே என்கிறார். குதிரையையும் வேலையாளையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறார். உழைப்பவனுக்கே சொத்து என்று தொடங்கிய வாதம், வேலையாள் வந்ததும் தடம் மாறிவிடுகிறது. கூலி கொடுத்து வாங்கிய உழைப்பு கொடுத்தவனுடையதாம். முந்நூறு ஆண்டுகளாக இந்த இடத்தில்தான் பெரிய சண்டை நடக்கிறது. நம் முன்னோர் காட்டைத் திருத்தினார்கள், கன்று நட்டார்கள், விடியுமுன் நெற்றி விளக்கோடு போய்ப் பால் வெட்டினார்கள். லாக்கின் முதல் வாக்கியத்தின்படி தோட்டம் அவர்களுடையது. இரண்டாம் வாக்கியத்தின்படி ஒரு கைப்பிடி மண்கூட அவர்களுடையதன்று.

லாக்கைப் பற்றி இன்னொரு செய்தியையும் மறைக்கக் கூடாது. அவர் அமெரிக்காவில் கரோலினாக் குடியேற்றத்தின் முதலாளிகளுக்குச் செயலாளராக இருந்தவர். அடிமை வாணிபம் செய்த ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர். பயிரிடாத நிலம் ஆளில்லாத நிலம் என்கிற அவர் வாதம், அமெரிக்கப் பழங்குடிகளிடமிருந்து மண்ணைப் பறிப்பதற்கு வசதியாயிற்று. இங்கே பேராக்கிலும் தோட்டமாக்கிய காடுகள் ஆளில்லாதவை அல்ல. செமாய், தெமியார் முதலிய ஓராங் அஸ்லி மக்கள் இம்மாநிலத்தின் காடுகளில் நமக்கு முன்பே நடமாடியவர்கள். நம் பாட்டிக்கு நியாயம் கேட்கும்போது அவர்கள் நியாயத்தையும் மறந்துவிடலாகாது.

அடுத்தவர் பிரான்சு தேசத்தில் புகழ்பெற்ற ரூசோ. 1755-இல் மனிதரிடையே உள்ள ஏற்றத்தாழ்வைப் பற்றி ஒரு நூல் எழுதினார். முதன்முதலாக ஒருவன் ஒரு துண்டு நிலத்தைச் சுற்றி வேலியடித்து, இது என்னுடையது என்று சொன்னான். அதை நம்புவதற்கு அப்பாவிகள் கிடைத்தார்கள். துன்பங்கள் அன்றே தொடங்கின என்பது அவர் கருத்து. கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் வேலியைப் பிடுங்கிய பிறகு என்ன செய்வது என்பதற்கு அந்த நூலில் நமக்கு வழி கிடைப்பதில்லை.

இனி, கிராணியாரின் பதிலுக்கு வருவோம். மண் யாருடையதோ மரமும் அவருடையது என்றாரே, அது அவர் சொந்தச் சரக்கு அன்று. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் ஒரு பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது.

எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட் என்று ஓர் ஆங்கிலேயர். பணக்கார வீட்டுப் பெண்ணொருத்தியை ஏமாற்றிக் கடத்தி மணந்த குற்றத்துக்காக லண்டன் நியூகேட் சிறையில் கிடந்தவர். சிறையில் உட்கார்ந்துகொண்டு, தாம் கண்ணால் பாராத ஆஸ்திரேலியாவைப் பற்றி 1829-இல் ஒரு நூல் எழுதினார். குடியேற்ற நாடுகளில் நிலம் மலிவாகக் கிடைத்தால் கூலிக்கு ஆள் கிடைக்கமாட்டான் என்பது அவர் கண்டுபிடிப்பு. வந்திறங்கிய தொழிலாளி இரண்டு மாதத்தில் சொந்தமாக நிலம் பிடித்துக்கொண்டு போய்விடுவான். ஆகவே அரசாங்கம் நிலத்தின் விலையை உயர்த்தி வைக்க வேண்டும். தொழிலாளி பல ஆண்டுகள் கூலி வேலை செய்தால்தான் வாங்க முடியும் என்கிற அளவுக்கு.

இதை ஜெர்மனியில் பிறந்த காரல் மார்க்ஸ் பிடித்துக்கொண்டார். 1867-இல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலின் முதல் பாகத்துடைய கடைசி அத்தியாயமே வேக்ஃபீல்டைப் பற்றியதுதான். அதில் பீல் என்ற ஒரு துரையின் கதை வருகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் ஆற்றங்கரைக்கு ஐம்பதாயிரம் பவுன் மதிப்புள்ள பொருள்களையும், தொழிலாளர் குடும்பங்களாக மூவாயிரம் பேரையும் கொண்டுபோனாராம். போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் கலைந்துவிட்டார்கள். துரைக்குப் படுக்கை விரிக்கவும் ஆற்றிலிருந்து தண்ணீர் மொண்டு வரவும் ஒரு ஆள் இல்லை! துரை எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றினார். மண் கிடைக்காதபோதுதான் மனிதன் கூலிக்காரன் ஆகிறான் என்கிற இரகசியத்தை மட்டும் ஏற்ற மறந்துவிட்டார் என்று மார்க்ஸ் கேலி செய்கிறார்.

வேக்ஃபீல்டின் கொள்கையைக் கொண்டு 1836-இல் நிறுவப்பட்டது தெற்கு ஆஸ்திரேலியா. அங்கே 1858-இல் ராபர்ட் டோரன்ஸ் என்பவர் ஒரு நிலப்பதிவு முறையைச் சட்டமாக்கினார். யார் உழுதார், யார் நட்டார், எத்தனை தலைமுறை இருந்தார் என்ற விசாரணையெல்லாம் தேவையில்லை. அரசாங்கப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உடைமையாளர். அம்முறை மலாய் மாநிலங்களுக்கும் வந்து வேரூன்றியது. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டமும் அவ்வழிப்பட்டதே. நாம் ‘கிரான்’ என்று சொல்கிறோமே, அந்தப் பத்திரம்தான் அதன் கண்கண்ட வடிவம். கிராணியார் அன்று லயத்து வாசலில் நின்றுகொண்டு, தமக்குத் தெரியாமலே, டோரன்ஸின் கொள்கையைத்தான் சொன்னார்.

அந்த முறையில் நன்மையே இல்லையா என்றால், உண்டு. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்ட ஏழையை யாரும் அசைக்க முடியாது. ஏறுவதற்கு வழி இருந்ததா என்பதுதான் கேள்வி.

பேராக்கின் கதையை இங்கே சேர்த்துப் பாருங்கள். 1877-இல் கோலக்கங்சாரில் ஹியூ லோ துரையின் வீட்டுத் தோட்டத்தில் ஒன்பது ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழியில் வந்த ரப்பர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடுகளைத் தின்று பரவியது. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி முறையில் ஆள் திரட்டுவது அதன் பிறகும் நடந்தது. 1938-இல் இந்திய அரசாங்கம் தடை செய்யும்வரை கப்பல்கள் வந்துகொண்டேயிருந்தன. தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு சீமைகளிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயும் காணி இல்லாதவர்கள். உழவுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவரின் நாட்டில், உழுதவர் வேறு, நிலமுடையவர் வேறு என்றாகி நெடுங்காலம் ஆகியிருந்தது.

போருக்கு முந்திய தொழிலாளர் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. குடும்பமுள்ள தொழிலாளிக்குக் காய்கறி போடவோ மாடு கட்டவோ ஒரு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் தோட்ட நிர்வாகம் ஒதுக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2,700 சதுர அடி. கத்தரியும் முருங்கையும் கறிவேப்பிலையும் அதில்தான் வளர்ந்தன. ஆனால் அது அனுபவிக்க மட்டும். வேலை போனால் அதுவும் போகும். லாக்கும் வேக்ஃபீல்டும் ஒரே துண்டு மண்ணில் கைகுலுக்கிக்கொண்ட மாதிரி இல்லையா? நட்டுக்கொள்; ஆனால் நட்டதால் உனக்கு உரிமை வராது.

விதிவிலக்கும் உண்டு. பாகான் செராய்ப் பக்கம் 1880-களில் கத்தோலிக்கப் பாதிரிமாரின் முயற்சியால் தமிழ்க் குடும்பங்கள் குடியேறி நெல் பயிரிட்டன. சூசைப் பாளையம் என்று இன்றும் பெயர் வழங்குகிறது. மண் கிடைத்தால் நம்மவர் விவசாயியாக மாட்டார்கள் என்று பேசுவோர் அந்தப் பக்கம் ஒருமுறை போய்வரலாம்.

சரி, தனியொருவனால் மண் வாங்க முடியாது. வேலியைப் பிடுங்கவும் முடியாது. மூன்றாவது வழி உண்டா? இங்கேதான் கூட்டுறவு என்ற எண்ணம் வருகிறது.

வேல்ஸ் நாட்டில் பிறந்த ராபர்ட் ஓவன் ஒரு முதலாளி. ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் என்ற ஊரில் 1800 முதல் பஞ்சாலை நடத்தினார். ஆலைக்குள் ஊரே இருந்தது என்றால் நம்மவருக்கு எளிதில் விளங்கும், தோட்டமும் அப்படித்தானே! சூழ்நிலைதான் மனிதனை ஆக்குகிறது என்பது ஓவன் கொள்கை. குழந்தைகளுக்கு 1816-இல் பள்ளி திறந்தார். நல்ல பொருளைக் குறைந்த விலைக்கு விற்கும் கடை வைத்தார். பிறகு பேராசை கொண்டு, அமெரிக்காவில் 1825-இல் எல்லாம் பொதுவான ஒரு புது ஊரையே அமைத்தார். இரண்டு மூன்று ஆண்டுகளில் அது கலைந்துபோயிற்று. மேலிருந்து ஒரு நல்ல துரை இறக்கிவைக்கும் சமத்துவம் நிலைக்காது போலும்.

நிலைத்தது வேறொன்று. இங்கிலாந்தில் ரோச்டேல் என்ற நெசவூரில் இருபத்தெட்டுப் பேர், ஆளுக்கு ஒரு பவுன் என்று மெள்ள மெள்ளச் சேர்த்து, 1844 டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, இப்படி நாலைந்து சாமான்கள்தாம். பெரிய விஷயம் அவர்கள் எழுதிவைத்த விதிகளில் இருந்தது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு. இலாபம் கொள்முதலின் அளவுக்கேற்பப் பிரிக்கப்படும். கடன் கிடையாது. பணத்துக்கு வாக்கில்லை, ஆளுக்குத்தான் வாக்கு என்கிற இந்த ஒரு விதிதான் கூட்டுறவையும் கம்பெனியையும் பிரிக்கும் கோடு.

அதைத் தத்துவமாக்கிக் கொடுத்தவர் ஜான் ஸ்டூவர்ட் மில். இவர் நமக்கு அயலார் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் 1823 முதல் 1858 வரை வேலை பார்த்தவர். இந்தியாவின் தலையெழுத்தை எழுதிய காகிதங்கள் பல அவர் மேசையைத் தாண்டிப் போயின. 1848-இல் வெளியிட்ட பொருளாதார நூலில் தொழிலாளர்களின் எதிர்காலத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். முதலாளிக்கும் கூலியாளுக்கும் உள்ள உறவு என்றென்றும் நீடிக்காது; தொழிலாளர்கள் தாங்களே மூலதனத்துக்குக் கூட்டாக உடைமையாளராகி, தாங்களே தேர்ந்தெடுத்து, தாங்களே விலக்கக்கூடிய நிர்வாகிகளின்கீழ் வேலை செய்யும் காலம் வரும் என்பது அவர் எதிர்பார்ப்பு. அந்தக் கடைசிப் பகுதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அண்ணல் காந்தி வேறு கதவு வழியாக இங்கே வந்து சேர்ந்தார். 1904-இல் ஜோகானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில் ரஸ்கின் எழுதிய ஒரு சிறு நூலைப் படித்தார். கீழே வைக்க முடியவில்லை. அதே ஆண்டு பீனிக்ஸ் குடியிருப்பு பிறந்தது. 1910-இல் நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை. அங்கே சத்தியாக்கிரகக் குடும்பங்களில் நம் தமிழ்க் குடும்பங்கள் பல இருந்தன. செல்வர்கள் தம் சொத்துக்கு உடைமையாளர் அல்லர், பொதுமக்கள் சார்பில் தருமகர்த்தாக்கள் என்று பின்னாளில் அவர் போதித்தார். அவர் சீடர் வினோபா பாவே 1951-இல் போச்சம்பள்ளியில் நிலமற்ற குடும்பங்களுக்காக நிலம் கேட்டார். ஒருவர் எழுந்து நூறு ஏக்கர் கொடுத்தார். பூதானம் என்ற பெருநடை அங்கே தொடங்கியது.

டாக்டர் அம்பேத்கருக்கு இதில் நம்பிக்கையில்லை. தருமகர்த்தாவின் மனம் மாறும்வரை காத்திருப்பது யார்? 1947-இல் அவர் முன்வைத்த திட்டத்தில் விவசாய நிலம் முழுவதும் அரசுடைமை. ஜாதி வேறுபாடு பாராமல் ஊராருக்குக் குத்தகைக்கு விட்டுக் கூட்டாகப் பயிரிட வேண்டும். நிலக்கிழார், குத்தகைக்காரர், கூலியாள் என்று மூன்று வகுப்பு இருக்கக் கூடாது. எங்கள் கருத்தில், காந்தியடிகள் மனிதனின் மனத்தை நன்கு அறிந்தவர்; அம்பேத்கர் கிராமத்தை நன்கு அறிந்தவர்.

இப்போது மீண்டும் பேராக்குக்கு வருவோம். 1950-களில் பிரிட்டிஷ் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. நாடு விடுதலை பெறப்போகிறது, பிறகு எப்படியோ என்ற அச்சம் அவர்களுக்கு. மொத்தமாக வாங்கியவர்கள் துண்டு துண்டாக அறுத்துச் சில்லறையாக விற்றார்கள். ஆயிரம் ஏக்கர்த் தோட்டம் பத்து, இருபது ஏக்கர்த் துண்டுகளாயிற்று. நூறு ஏக்கருக்குக் குறைந்தது சட்டத்தின் கண்ணில் தோட்டமே அன்று. ஆகவே தொழிற்சங்க ஒப்பந்தமும், மருத்துவமனையும், ஆயாக் கொட்டகையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன. கண்டிராக்டர் வந்தார், கூலி இறங்கியது, வயதானவர்களுக்கு வேலையில்லை. தோட்டத் துண்டாடல் என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. இதை ஆராயப் பேராசிரியர் உங்கு அஜீஸ் தலைமையில் ஒரு குழு அமைந்து, 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றி விரிவான அறிக்கை தந்தது. அறிக்கை வருமுன் எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டிவிட்டன.

அந்த வேளையில்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த ஒருவர், ரோச்டேல் நெசவாளர் கையிலெடுத்த கருவியை எடுத்தார். துன் வீ. தி. சம்பந்தன், 1919-இல் பிறந்தவர். தகப்பனார் ரப்பர் நிலமுடையவர். கோலக்கங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். 1955 முதல் 1973 வரை ம. இ. கா. தலைவர், விடுதலை பெற்ற நாட்டின் அமைச்சர். காந்தியப் பற்றுக்குச் சாட்சி சுங்கை சிப்புட் மகாத்மா காந்தி கலாசாலை. 1954-இல் திருமதி விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்தார்.

1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்துப் பத்தாகக் கட்டலாம். அக்காலத்தில் பத்து வெள்ளி என்பது பால் வெட்டுகிறவர் ஒரே நாளில் சம்பாதிக்கும் பணமன்று. அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகப் போய், லயத்து வாசலில் நின்று, பங்கு சேருங்கள் என்று கேட்டார். எங்கள் வீட்டில் அதற்காக ஒரு விவாதமே நடந்தது. “பத்து வெள்ளிக்கு அரிசி வாங்கலாம், தோட்டத்த வாங்க முடியுமா?” என்றார் அப்பா. “எல்லாரும் சேந்தா முடியும்னு சொல்றாங்களே, போட்டுத்தான் பாப்போமே” என்றார் அம்மா. அம்மா வென்றார், முருங்கைக்கீரை அந்த மாதம் அடிக்கடி வந்தது.

1961-இல் கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதன் பின் மேலும் பல தோட்டங்கள். துண்டாடப்பட்டிருக்க வேண்டிய நிலம் முழுதாக நின்றது, வீடுகள் காலியாகவில்லை. கூலியாள் காசில் தோட்டம் வாங்க முடியும் என்று காட்டியது சின்னச் செயலன்று. லாக்கின் இரண்டாம் வாக்கியத்துக்கு நம் மக்கள் கொடுத்த பதில் அது என்றே நாங்கள் கருதுகிறோம்.

ஆயினும் உள்ளதை உள்ளபடி பார்க்க வேண்டும். மில் சொன்னதை நினைவில் வைக்கச் சொன்னோமே! கூட்டுறவின் தோட்டத்திலும் விடியற்காலையில் பெரட்டு உண்டு, மண்டோர் உண்டு, மானேஜர் உண்டு. மரம் வெட்டியவர் கூலிதான் வாங்கினார். பங்கினால் அவர் சங்கத்துக்கு உடைமையாளர்களில் ஒருவர். காலை ஆறு மணிக்கு அவர் பழைய தொழிலாளியே. நாடெங்கும் பரந்த பல்லாயிரம் உறுப்பினர் கொண்ட சங்கத்தில் தோட்டத்து மானேஜரைத் தேர்ந்தெடுப்பதும் விலக்குவதும் வெட்டுமரக்காரர் கையில் இல்லை. அது நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொல்வோர் உண்டு, இருக்கலாம். ஆனால் ஆண்டுக் கூட்டத்துக்குப் போய்க் கணக்குக் கேட்கும் பழக்கமாவது நம்மிடம் வளர்ந்ததா? சம்பந்தனார் 1979-இல் மறைந்தார். அவர்மீது வைத்த நம்பிக்கையில் பாதியை விதிப் புத்தகத்தின்மீதும் வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொரு செய்தி. நம் பாட்டனார்கள் விட்டுவந்த நாட்டில், பண்ணையாள் குடியிருந்த மனையும் மிராசுதாரருடையதாகத்தான் இருந்தது. வேலைக்கு வராவிட்டால் குடிசை போய்விடும். 1968-இல் கீழ்வெண்மணியில் கூலிச் சண்டையில் நாற்பத்து நான்கு பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட கொடுமையை அறிவீர்கள். 1971-இல் தமிழ்நாடு அரசு குடியிருப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனைக்கட்டு அவருக்கே சொந்தமென்று ஆக்கியது அது. எல்லா ஊரிலும் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும், குடியிருந்தவருக்கே மனை என்கிற கொள்கை அங்கே சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. கடல் கடந்து வந்த நாம், லயத்து வீட்டை விட்டு இறங்கும்போது திறவுகோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினோம்.

இன்று பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனையாகவோ வீடமைப்பாகவோ மாறிவிட்டன. நம் பாட்டி அன்று என்ன செய்தார் என்று கேட்பீர்கள். குலையிலிருந்த இளநீரையெல்லாம் இறக்கி லயத்துப் பிள்ளைகளுக்கும் கிராணியாருக்கும் கொடுத்தார். முற்றிய நெற்று இரண்டைக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு மகள் வீட்டுக்கு, ஈப்போவுக்கு, வண்டியேறினார்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. உங்கள் வீட்டில் தாத்தா பாட்டியின் பழைய இரும்புப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சூரை இவற்றுக்கிடையே கூட்டுறவுப் பங்குப் பத்திரம் ஏதும் இருக்கலாம். பங்குக்காரர் காலமாகிவிட்டாலும் அந்தப் பங்கு செத்துப் போவதில்லை. நியமனதாரர் யார் என்று எழுதப்பட்டிருக்கிறதா பாருங்கள்; இறப்புப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். பெயர் மாற்றிக்கொண்ட பின், ஆண்டுக் கூட்டம் எப்போது என்றும் அங்கேயே கேட்டுவையுங்கள்.